வல்லான் வகுத்த வாய்க்காலும் நடுவர் வகுத்த எல்லையும்

"வல்லான் வகுத்ததே வாய்க்கால்" என்பது நம் நாட்டுப் பழமொழி. ஊரில் வலுத்தவன் எவனோ, அவன் இழுத்த கோட்டின் வழியேதான் நீர் ஓடும் என்பது இதன் பொருள். ஊர்தோறும் காவல் நிலையமும் முன்சீப் கோர்ட்டும் வந்த பிறகு இப்பழமொழியின் கடுமை ஓரளவு தணிந்துவிட்டது எனலாம். வரப்பை வெட்டி அயலான் நிலத்தைத் தன் நிலத்தோடு சேர்த்துக்கொண்டவன்மீது வழக்குத் தொடுக்கலாம், தீர்ப்புப் பெறலாம், தீர்ப்புக்குப் பணியாதவனை அமீனாவும் போலீசும் வந்து பணிய வைப்பர்.

நாடுகளுக்கிடையே எழும் வழக்குகளுக்கு அமீனா ஏது? போலீஸ் ஏது? ஹாலந்து நாட்டின் ஹேக் நகரில் சமாதான மாளிகை என்றொரு பெரிய கட்டடம் இருக்கிறது. அதில் 15 நீதிபதிகள் கொண்ட சர்வதேச நீதிமன்றம் அமர்ந்து நாடுகளின் வழக்குகளைக் கேட்கிறது. ஆயின் அம்மன்றத்தின் ஆணையை நிறைவேற்றுவதற்கு அதனிடம் ஒரு காவலர்கூடக் கிடையாது. இரு தரப்பும் இசைந்தாலன்றி வழக்கையே அது எடுத்துக்கொள்ள முடியாது. தீர்ப்பை ஒரு நாடு புறக்கணித்தால் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு சபையிடம் முறையிடலாம். அங்கோ ஐந்து வல்லரசுகளின் கையில் 'வீட்டோ' என்னும் மறுப்புரிமை இருக்கிறது.

இந்நிலையில் சர்வதேசச் சட்டம் என்பதே வெறும் ஏட்டுச் சுரைக்காய்தானோ என்ற ஐயம் எவருக்கும் எழும். அவ்வையத்துக்கு விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம்மில் பலர் பிழைப்பு நாடி வந்து குடியேறியுள்ள இம்மேற்குப் பகுதியிலேயே, குஜராத்தின் வடமேற்கு மூலையில், அவ்விடையைச் சொல்லும் எல்லைக்கோடு ஒன்று இருக்கிறது. அது கட்ச் ரண் எல்லை. அந்த எல்லையின் வரலாறு, படைபலம் உள்ள நாடு தான் விரும்பாத தீர்ப்புக்கும் ஏன் பணிய வேண்டும் என்பதை நமக்கு விளக்கும்.

நிலமும் அன்று, கடலும் அன்று

கட்ச் மாவட்டத்தின் வடபால் பரந்து கிடக்கும் உப்பு வெளிக்கு ரண் என்று பெயர். தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் கடல் நீரும் மழை நீரும் புகுந்து அதை ஆழமற்ற ஏரியாக்கிவிடும். நீர் வற்றியதும் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை வெண்மையான உப்புப் படலமே தோன்றும். அங்கே பயிர் விளையாது, ஊர் அமையாது. ஆங்காங்கே சற்று மேடான திட்டுகள் உண்டு. அவற்றை 'பேட்' என்பர். அத்திட்டுகளில் முளைக்கும் புல்லை நாடிக் கால்நடைகளை ஓட்டி வரும் மேய்ப்பர்களே நெடுங்காலமாக அவ்வெளியில் நடமாடிய மக்கள்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வெளிக்கு வடக்கே இருந்தது சிந்து. அது 1936 வரை பம்பாய் மாகாணத்தின் ஒரு பகுதி. பின்னர்த் தனி மாகாணமாயிற்று. தெற்கே இருந்தது மகாராவ் ஆண்ட கட்ச் சமஸ்தானம். இரண்டுக்கும் மேலே பிரிட்டிஷ் அரசு இருந்தமையால், இடையே உள்ள உப்பு வெளி எவருடையது என்பதை முடிவாகத் தீர்க்க வேண்டிய அவசரம் எவருக்கும் ஏற்படவில்லை. மேற்குக் கோடியில் ஒரு பகுதிக்கு மட்டும் 1914ஆம் ஆண்டில் பம்பாய் அரசாங்கம் ஓர் உடன்பாட்டை உறுதி செய்தது. சில ஆண்டுகளுக்குப் பின் அங்கே எல்லைத் தூண்களும் நடப்பட்டன. கிழக்கே எஞ்சிய நீண்ட பகுதி தூணின்றியே கிடந்தது.

1947ஆம் ஆண்டில் சிந்து பாகிஸ்தானில் சேர்ந்தது. கட்ச் இந்தியாவில் சேர்ந்தது. ஒரே குடையின்கீழ் இருந்த மாகாணத்துக்கும் சமஸ்தானத்துக்கும் இடையே இருந்த மங்கிய கோடு, ஒரே நாளில் இரு நாடுகளின் எல்லையாகிவிட்டது. ரண் முழுவதும் கட்ச்சைச் சேர்ந்தது, ஆகவே எல்லை அதன் வடவிளிம்பில் செல்கிறது என்றது இந்தியா. ரணின் வடபாதி சிந்துவைச் சேர்ந்தது, ஆகவே எல்லை ஏறத்தாழ 24ஆம் அட்சரேகையை ஒட்டி அதன் நடுவே செல்கிறது என்றது பாகிஸ்தான். இவ்விரு கோடுகளுக்கும் இடைப்பட்ட பரப்பு சுமார் 3,500 சதுர மைல். அதாவது ஏறக்குறைய 9,000 சதுர கிலோமீட்டர்.

துப்பாக்கிக்குப் பின் வந்த பேச்சு

1956ஆம் ஆண்டில் சாட் பேட் என்னும் திட்டின் பொருட்டு ஒரு சிறு மோதல் நடந்தது. 1965ஆம் ஆண்டு ஏப்ரலில் அது பெரிதாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் நாள் சர்தார் போஸ்ட் என்ற காவல் முனையை பாகிஸ்தான் படை தாக்கியது. அங்கிருந்த மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் சிறு பிரிவினர், தம்மைவிடப் பன்மடங்கு பெரிய படையை எதிர்த்து நின்றனர். அந்நாளை அப்படையினர் இன்றும் வீர நாளாகக் கொண்டாடுகின்றனர்.

பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்டு வில்சன் இடையில் நின்று பேசியதன் பயனாக, 1965 ஜூன் 30ஆம் நாள் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அப்போது நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி. பாகிஸ்தானின் தலைவர் அயூப்கான். முதலில் போரை நிறுத்த வேண்டும். பின்னர் இரு நாட்டு அமைச்சர்கள் பேசிப் பார்க்க வேண்டும். அதில் முடிவு காணாவிடில் மூவர் கொண்ட நடுவர் மன்றத்திடம் வழக்கை ஒப்படைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மூவரில் எவரும் இந்தியராகவோ பாகிஸ்தானியராகவோ இருத்தலாகாது. அம்மன்றத்தின் தீர்ப்பு இரு நாடுகளையும் கட்டுப்படுத்தும். எக்காரணம் கொண்டும் அதை மறுத்துப் பேசலாகாது. இந்தக் கடைசி வாசகத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் நடந்தவை யாவும் அதைச் சுற்றியே சுழல்கின்றன.

ஒப்பந்தத்தின் மை உலர்வதற்குள் காஷ்மீரில் சண்டை மூண்டது. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் இரு நாடுகளும் முழுப் போரில் இறங்கின. போர் மூண்டால் முன்னர் எழுதிய உடன்பாடுகளைக் கிழித்தெறிவது உலக வழக்கில் புதிதன்று. ஆயினும் கட்ச் ஒப்பந்தத்தை எந்த நாடும் கிழித்தெறியவில்லை. 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. அடுத்த மாதமே ஜெனீவாவில் நடுவர் மன்றம் கூடிவிட்டது.

ஜெனீவாவில் நடந்த வழக்கு

இந்தியா தன் சார்பில் யூகோஸ்லாவியா நாட்டைச் சேர்ந்த அலெஸ் பெப்லரை நியமித்தது. பாகிஸ்தான் தன் சார்பில் ஈரானைச் சேர்ந்த நஸ்ருல்லா எந்தெஸாமை நியமித்தது. அவர் முன்னர் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் தலைவராக இருந்தவர். மன்றத்தின் தலைவர் யார் என்பதில் இரு நாடுகளும் ஒத்துப்போகாமையால், ஐ.நா. பொதுச்செயலாளர் ஊ தாண்ட் சுவீடன் நாட்டு நீதிபதி குன்னார் லாகர்கிரேனைத் தலைவராக நியமித்தார்.

விசாரணை 1967 வரை நீண்டது. நூற்றுக்கணக்கான நிலப்படங்களும் ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஆவணங்களும் மன்றத்தின் முன் வைக்கப்பட்டன. இந்தியாவின் வாதத்துக்கு முதுகெலும்பாக நின்றவை பழைய அரசாங்கப் படங்கள். பல பத்தாண்டுகளாக பிரிட்டிஷ் இந்திய சர்வே இலாகா அச்சிட்ட படங்களில் எல்லை ரணின் வடவிளிம்பிலேயே காட்டப்பட்டிருந்தது. கட்ச் மகாராவ் தம் ஆண்டறிக்கைகளில் ரண் தம்முடையதென்று எழுதி வந்ததை மேலதிகாரிகள் மறுக்கவில்லை என்றனர் நம் வழக்கறிஞர்கள். பாகிஸ்தானோ, ரண் கடலைப் போன்றதொரு நீர்ப்பரப்பு, இரு கரையினருக்கும் அதில் பாதி பாதி உரிமை உண்டு என்று வாதிட்டது. அன்றியும், வடபாதியில் சிந்து அதிகாரிகளே வரி வாங்கியும் குற்றம் விசாரித்தும் ஆட்சி செலுத்தினர் என்றும் எடுத்துக்காட்டியது.

சட்டத்தை ஒதுக்கிவிட்டு, நியாயம் என்று தங்களுக்குத் தோன்றியபடி தீர்ப்பளிக்க நடுவர்களுக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வி தொடக்கத்திலேயே எழுந்தது. அத்தகைய அதிகாரத்தை இரு நாடுகளும் தங்களுக்கு அளிக்கவில்லை என்று மன்றம் கூறிவிட்டது. ஆனால் நியாய உணர்வு சர்வதேசச் சட்டத்திலேயே ஓர் அங்கம் என்பதையும் அது மறுக்கவில்லை. இந்தச் சிறு இடைவெளி பின்னால் பெரும் விவாதத்துக்கு இடமளித்தது.

தீர்ப்பும் அதன் கசப்பும்

1968 பிப்ரவரி 19ஆம் நாள் தீர்ப்பு வெளியாயிற்று. வழக்கிலிருந்த பரப்பில் பத்தில் ஒன்பது பங்கு இந்தியாவுக்கு உரியது. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பாகிஸ்தானுக்கு உரியது என்று மன்றம் கூறியது. ரண் நீர்ப்பரப்பு என்ற வாதம் எடுபடவில்லை. பிரிட்டிஷ் அரசே கட்ச்சின் உரிமையைத் தன் படங்களாலும் நடத்தையாலும் ஒப்புக்கொண்டது என்ற நம் வாதம் பெரும்பாலும் வென்றது. ஆனால் கஞ்சர்கோட், தாரா பன்னி, சாட் பேட் ஆகிய வடபகுதித் திட்டுகளில் சிந்து அதிகாரிகள் இடைவிடாது ஆட்சி செலுத்தினர் என்று கண்டு அவற்றை பாகிஸ்தானுக்கு அளித்தது. அன்றியும், நகர் பார்க்கர் என்னும் பாகிஸ்தான் நிலப்பகுதிக்குள் நுழைந்து கிடக்கும் இரண்டு குறுகிய குடாக்களும் அந்நாட்டுக்கே சென்றன. அவை அந்நிய நாட்டின் வசம் இருந்தால் ஓயாத பூசலுக்கு இடமாகும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம்.

தீர்ப்பு மூவரின் ஒருமித்த தீர்ப்பன்று. பெப்லர், முழுப் பரப்பும் இந்தியாவுக்கே உரியதென்று தனித்து எழுதினார். எந்தெஸாம் தொடக்கத்தில் பாகிஸ்தானின் பக்கமே நியாயம் இருப்பதாக எண்ணியவர். தலைவரின் தீர்ப்பைப் படித்தபின் தம் கருத்தை விடுத்து அவரோடு இணைந்தார். பாகிஸ்தான் நியமித்த நடுவரின் வாக்கைக் கொண்டே, ரணின் பெரும்பகுதி இந்தியாவுக்கு உரியதென்ற தீர்ப்பு நிலைபெற்றது.

இங்கே நம் நாட்டில் எழுந்த கொந்தளிப்பு சிறிதன்று. பூசலுக்கு இடமாகும் என்பது அரசியல் காரணமேயன்றிச் சட்டக் காரணமாகுமா என்று பலர் கேட்டனர். பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சிகள் சீறின. கட்ச்சில் சத்தியாக்கிரகம் நடந்தது. நம் வீரர்கள் காத்து நின்ற சாட் பேட்டை ஓர் அயல்நாட்டார் தீர்ப்புக்காக விட்டுக்கொடுப்பதா என்ற கேள்வி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. பிரதமர் இந்திரா காந்தியின் அரசாங்கமும் தீர்ப்பில் தனக்கு நிறைவில்லை என்பதை மறைக்கவில்லை. ஆயினும் எக்காரணம் கொண்டும் மறுப்பதில்லை என்று எழுதிக் கொடுத்தாயிற்று. எழுதிக் கொடுத்ததை நிறைவேற்றுவோம் என்பதே அரசாங்கத்தின் முடிவாயிற்று.

உச்ச நீதிமன்றத்தின் முன்

பணிவது என்று அரசாங்கம் முடிவு செய்தால் மட்டும் போதுமா? நாட்டின் நிலத்தைக் கொடுக்க மந்திரி சபைக்கு அதிகாரம் உண்டா? இது அன்றைய குடிமக்கள் நீதிமன்றத்தின் முன் கொண்டுபோன கேள்வி.

இதற்கு முன்மாதிரி ஒன்று இருந்தது. வங்காளத்தின் ஜல்பைகுரி மாவட்டத்தில் பெருபாரி என்றொரு சிறு நிலப்பகுதி. 1958ஆம் ஆண்டில் பிரதமர் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் நூனும் அதைப் பாதியாகப் பிரித்துக்கொள்ள உடன்பட்டனர். இதுபற்றிக் குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு 1960ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் பதிலளித்தது. இந்தியாவின் நிலத்தை வேறொரு நாட்டுக்குக் கொடுப்பதற்குச் சாதாரணச் சட்டம் போதாது. அரசியலமைப்பையே திருத்த வேண்டும் என்பது அப்பதில். அதன்படி ஒன்பதாவது திருத்தம் நிறைவேறிற்று.

கட்ச்சுக்கும் அதே விதி பொருந்தும் என்று மகன்பாய் ஈசுவர்பாய் படேல் முதலியோர் வழக்குத் தொடுத்தனர். தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லாவின் அமர்வு 1969 ஜனவரியில் அவ்வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. நமதென்று ஐயமின்றித் தெரிந்த நிலத்தைக் கொடுப்பது வேறு. எங்கே செல்கிறது என்று தெரியாத எல்லையை நடுவரைக் கொண்டு தீர்த்துக்கொள்வது வேறு. முன்னதற்கு அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும். பின்னதற்கு அது வேண்டியதில்லை என்று நீதிபதிகள் வரையறுத்தனர். அவ்வாண்டே எல்லைத் தூண்கள் நடப்பட்டு, தீர்ப்பு நிறைவேற்றப்பட்டது.

1971ஆம் ஆண்டுப் போரில் இந்தியப் படை சிந்துவின் பாலை நிலத்தில் பெரும் பரப்பைக் கைப்பற்றியது. 1972ஆம் ஆண்டுச் சிம்லா உடன்படிக்கைப்படி இரு படைகளும் சர்வதேச எல்லைக்குத் திரும்பின. ரண் பகுதியில் அந்த எல்லை என்பது 1968ஆம் ஆண்டு நடுவர் வகுத்த எல்லையே. வென்ற நாளிலும் நாம் அதை அழிக்கவில்லை என்பது கருதத்தக்கது.

கச்சத்தீவுக்கு நீளும் கேள்வி

உப்பு வெளியின் பொருட்டு எழுந்த இந்தச் சட்ட நுணுக்கம் நம் தாயகத்துக் கடற்கரையையும் தொடுகிறது. 1974ஆம் ஆண்டில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கையால் பாக் நீரிணையில் உள்ள கச்சத்தீவு இலங்கையின் பக்கம் சேர்ந்தது. அதற்கு அரசியலமைப்புத் திருத்தம் ஏதும் கொண்டுவரப்படவில்லை. பெருபாரித் தீர்ப்புப்படி அது செல்லாது என்று ஜெயலலிதா 2008ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். பின்னர் 2013ஆம் ஆண்டில் கருணாநிதியும் நீதிமன்றத்தை நாடினார். மத்திய அரசாங்கமோ, அத்தீவின் உரிமை பிணக்கில் இருந்தது. எல்லை வகுக்கப்பட்டதேயன்றி இந்திய நிலம் எதுவும் கொடுக்கப்படவில்லை என்று கூறியது. கட்ச் வழக்கில் வரையறுக்கப்பட்ட வேறுபாடு இங்கே மீண்டும் தலைகாட்டுவதை வாசகர்கள் உணர்ந்திருப்பர்.

ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. கட்ச்சில் இரு தரப்பின் ஆதாரங்களும் நடுவர் முன் வெளிப்படையாக வைக்கப்பட்டன. ஏன் இந்தக் கோடு, ஏன் அந்தத் திட்டு என்பதற்கு எழுதப்பட்ட காரணம் உண்டு. கச்சத்தீவில் நடுவர் இல்லை; இரு அரசாங்கங்கள் தமக்குள் பேசி முடித்தன. 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போல் அத்தீவுக்குச் செல்லலாம் என்றது. 1976ஆம் ஆண்டில் பரிமாறிக்கொண்ட கடிதங்களோ ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கலாகாது என்றன. அக்கடலையே நம்பி வாழ்ந்த இராமேசுவரம் மீனவரின் குரல் எந்த மன்றத்திலும் பதிவாகவில்லை. தீர்ப்பின் காரணம் தெரிந்தால் தோற்றவனும் ஒருவாறு ஆறுவான். காரணம் தெரியாத முடிவு அரை நூற்றாண்டு கடந்தும் ஆறாத புண்ணாகவே நிற்கிறது.

பணியாதார் சிலர்

எல்லா நாடுகளும் தீர்ப்புக்குப் பணிந்துவிடுகின்றன என்று கூறிவிட முடியாது. நிகராகுவா என்னும் சிறு நாட்டின்மீது ஏவப்பட்ட கலகப் படைக்கு உதவியதும், அந்நாட்டுத் துறைமுகங்களில் கண்ணி வைத்ததும் சட்ட விரோதம் என்று 1986ஆம் ஆண்டில் சர்வதேச நீதிமன்றம் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அமெரிக்கா அதை ஏற்கவில்லை. பாதுகாப்பு சபையில் வந்த தீர்மானத்தையும் தன் மறுப்புரிமையால் தடுத்தது. தென்சீனக் கடலில் பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கில் 2016ஆம் ஆண்டில் நடுவர் மன்றம் சீனாவின் உரிமைக் கோரிக்கையை மறுத்தது. சீனா வழக்கில் கலந்துகொள்ளவும் இல்லை. தீர்ப்பை ஏற்கவும் இல்லை. வல்லான் வகுத்த வாய்க்கால் இன்னும் தூர்ந்துபோகவில்லை என்பதற்கு இவை சான்று.

ஆயினும் இதே காலத்தில் நம் கிழக்குக் கடலில் நடந்ததையும் நோக்க வேண்டும். வங்காள விரிகுடாவின் எல்லை பற்றி வங்கதேசம் 2009ஆம் ஆண்டில் இந்தியாவை நடுவர் மன்றத்துக்கு அழைத்தது. 2014 ஜூலையில் வெளிவந்த தீர்ப்பு, வழக்கிலிருந்த 25,602 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பில் 19,467 சதுர கிலோமீட்டரை வங்கதேசத்துக்கு அளித்தது. இந்தியா தீர்ப்பை ஏற்றது. சிறிய அண்டை நாட்டுக்கு எதிரே பெரிய நாடு நின்று, பெரும்பங்கை இழந்தும் பணிந்தது. அடுத்த ஆண்டே நூறாவது அரசியலமைப்புத் திருத்தத்தின் வாயிலாக, ஒரு நாட்டின் நடுவே மற்ற நாட்டின் தீவுகள்போல் சிதறிக் கிடந்த நிலத்துண்டுகளை இரு நாடுகளும் மாற்றிக்கொண்டன. இந்தியப் பகுதிகள் 111, வங்கதேசப் பகுதிகள் 51 என 162 இடங்களில், எந்த நாட்டின் சலுகையும் முழுமையாகப் பெறாமல் வாழ்ந்த மக்களுக்கு ஒரு நாடு கிடைத்தது.

இப்பணிவினால் நமக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு 2017ஆம் ஆண்டு விடை சொல்லும். குல்பூஷண் ஜாதவ் என்ற இந்தியருக்கு பாகிஸ்தான் ராணுவ நீதிமன்றம் அவ்வாண்டு ஏப்ரலில் மரண தண்டனை விதித்தது. நம் தூதரகத்தார் அவரைச் சந்திக்கவும் அனுமதிக்கப்படவில்லை. மே மாதம் இந்தியா ஹேக் நீதிமன்றத்தை அணுகியது. பத்தே நாளில் தண்டனையை நிறுத்தி வைக்கும் ஆணை கிடைத்தது. 2019 ஜூலையில், பாகிஸ்தான் வியன்னா உடன்படிக்கையை மீறியது என்றும், தண்டனையை முறையாக மறுஆய்வு செய்ய வேண்டும் என்றும் பதினைந்துக்கு ஒன்று என்ற வாக்குக் கணக்கில் தீர்ப்பு வந்தது. அவரை விடுவிக்கும்படி நீதிமன்றம் ஆணையிடவில்லை. ஆயினும் தூக்குக் கயிறு நிறுத்தப்பட்டது. கட்ச் தீர்ப்பைக் கிழித்தெறிந்த நாடாக இந்தியா இருந்திருந்தால், அன்று எந்த முகத்தோடு அவ்வாயிலில் நின்றிருக்கும்? 2016ஆம் ஆண்டுத் தென்சீனக் கடல் தீர்ப்பை மதிக்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டில் பிலிப்பைன்சுடன் சேர்ந்து அறிக்கை விடும் தகுதியும், 2014ஆம் ஆண்டில் நாம் காத்த சொல்லிலிருந்து வந்ததேயாகும்.

தீராமல் நிற்பவை

நம் வரலாறு முழுவதும் இத்தகையதே என்று மார்தட்டுவதும் பொருந்தாது. 1999 ஆகஸ்டில் கட்ச் எல்லையருகே பாகிஸ்தான் கடற்படை விமானம் ஒன்றை இந்திய விமானப்படை சுட்டு வீழ்த்தியது. பாகிஸ்தான் ஹேக் சென்றபோது, காமன்வெல்த் நாடுகளோடு எழும் வழக்குகளுக்கு நாங்கள் இசைவு தரவில்லை என்று இந்தியா பழைய அறிவிப்பை எடுத்துக் காட்டியது. அதை ஏற்று 2000ஆம் ஆண்டில் நீதிமன்றம் தனக்கு அதிகாரமில்லை என்று கூறிவிட்டது. இது சட்டப்படி நமக்குள்ள உரிமைதான். எனினும் வாயிலை ஒரு தரப்பு அடைத்தால் நீதிமன்றம் வெறும் கட்டடம் என்பதற்கும் இதுவே சான்று.

கட்ச்சின் மேற்குக் கோடியில் உள்ள சர் கிரீக் என்னும் கழியை, இரு நாடுகளும் நடுவரின் விசாரணைக்கு வெளியே நிறுத்தின. அதன் எல்லை இன்றளவும் தீரவில்லை. அப்பகுதிக் கடலில் வலை வீசும் குஜராத்தி மீனவர்களும் சிந்து மீனவர்களும் கண்ணுக்குத் தெரியாத கோட்டைத் தாண்டியதாகப் பிடிபட்டுச் சிறைப்படுகின்றனர். 2008ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாளும் ஜூலை முதல் நாளும் இரு நாடுகளும் தத்தம் சிறைகளில் உள்ளவர்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்வது வழக்கமாயிற்று. நடுவரிடம் விட்ட பகுதியில் எல்லைத் தூண்கள் எழுந்தன. விடாத பகுதியில் சிறைப்பட்டியல் வளர்ந்தது.

சிந்து நதி உடன்படிக்கையின் செய்தி இன்னும் அண்மையது. 1960ஆம் ஆண்டில் ஏற்பட்ட அவ்வுடன்படிக்கை மூன்று போர்களைத் தாங்கி நின்றது. 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, அதை நிறுத்தி வைப்பதாக இந்தியா அறிவித்தது. அவ்வறிவிப்பால் தன் அதிகாரம் குறையவில்லை என்று நடுவர் மன்றம் ஜூன் மாதம் கூறியது. அம்மன்றமே முறைப்படி அமைக்கப்பட்டதன்று என்று இந்தியா அதை மறுத்தது. இதில் எவர் பக்கம் நியாயம் என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. அப்பாவி மக்களைக் கொன்றவர்களுக்கு இடம் கொடுக்கும் நாட்டுடன் உடன்பாடு எதற்கு என்ற சினமும் இயல்பானதே. ஆனால் 1965ஆம் ஆண்டுப் போரின் நடுவிலும் கட்ச் ஒப்பந்தத்தைக் கைவிடாத நாட்டின் மக்கள், இக்கேள்வியைச் சினத்தால் மட்டும் தீர்த்துக்கொள்ளலாகாது.

குடிமகன் கேட்க வேண்டியவை

எல்லைப் பூசல் பற்றிய செய்தி நாளிதழில் வரும்போதெல்லாம் நம் வீடுகளில் பேச்சு சூடேறுகிறது. "நமக்கு எவ்வளவு கிடைத்தது, அவனுக்கு எவ்வளவு போயிற்று?" என்பதுதான் முதற்கேள்வியாக எழுகிறது. அதை விடுத்து வேறு மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுதல் நன்று. தீர்ப்புக்கு முன் நாம் எழுதிக் கொடுத்த சொல் யாது? அத்தீர்ப்புக்குக் கூறப்பட்ட காரணம் யாது? எல்லை ஓரத்தில் வாழும் மேய்ப்பரையும் மீனவரையும் எவரேனும் கேட்டனரா?

முதற்கேள்வி நாட்டின் நாணயத்தைக் காக்கும். இரண்டாவது நடுவரின் நேர்மையைச் சோதிக்கும். மூன்றாவது, எல்லைக்கோடு என்பது மனிதர் வாழும் இடத்தின்மீது விழுகிறது என்பதை நினைவூட்டும். சர்வதேச நீதிமன்றத்துக்குப் போலீஸ் இல்லை என்பது உண்மையே. ஒரு நாடு தந்த சொல்லை அந்நாட்டு மக்களே மறவாமல் கேட்டு நிற்பார்களாயின், அதுவே அம்மன்றத்துக்குக் காவல். அக்காவலில் நமக்கும் பங்கு உண்டு.